ஜீப் வரும் நேரத்துக்கு ஒரு கூலர்



போடிநாயக்கனூரில் சோடா ஃபவுண்டன் கடை போடுகிறவர்கள் கூலர் வாங்கப் போனால், ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் ஓடும் என்றுதான் முதலில் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு உதவாது. ஏலத்தோட்டத்துத் தொழிலாளர்களை ஏற்றிய ஜீப்புகள் மலையிலிருந்து சாயங்காலம் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும்; அந்தக் கால் மணி நேரத்தைத் தாங்குமா என்பதே கேள்வி.

200 மில்லி தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு இறக்க ஏறக்குறைய 22 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். நூறு கிளாஸுக்கு 2,200. விநாடிக்கு அரை கிலோஜூல் இழுக்கும் சிறிய கம்ப்ரஸருக்கு இது ஒரு மணி நேரத்துக்கும் மேலான வேலை. வேலை முடிந்து களைத்து வந்தவர் அதுவரை நிற்பாரா? ஆனால் ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூலை வாங்கிக்கொள்ளும். ஏழு கிலோ ஐஸ் கையிருப்பில் இருந்தால் நூறு கிளாஸும் தாங்கும்.

ஐஸ் பேங்க் கூலர் செய்வது இதைத்தான். தொட்டித் தண்ணீருக்குள் செம்புக் காயில். ராத்திரி முழுக்க அதைச் சுற்றி ஐஸ் கட்டும். சோடாவும் சிரப்பும் அதே தொட்டியில் மூழ்கிய ஸ்டெயின்லெஸ் குழாய்களுக்குள் ஓடிக் குளிர்ந்து வரும். தண்ணீரைக் கலக்கிவிட ஒரு சின்ன மோட்டார் உண்டு. அது நின்றால் ஐஸ் இருந்தும் குளிர் குழாய்க்குச் சரியாகப் போய்ச் சேராது. கரண்ட் போனால் கம்ப்ரஸரை மறந்துவிட்டு, இந்த மோட்டாரையும் சோடா பம்பையும் மட்டும் இன்வெர்டரில் ஓட்டலாம்.

இன்னொரு வகை, குழாய்கள் பதித்த அலுமினியத் தட்டின் மேல் ஐஸைக் கொட்டி வைப்பது. விலை குறைவு, திருவிழாக் கடைக்குப் பொருத்தம். தினசரிக் கடைக்கு ஐஸ் வாங்கிக் கட்டுப்படியாகாது.

குளிர் குறைந்தால் ருசி மட்டுமா கெடும்? சாதாரணக் காற்றழுத்தத்தில் 0 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1.7 லிட்டர் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் முக்கால் லிட்டர்கூடப் பிடிக்காது. மிச்சம் நுரையாகப் பொங்கிக் காசோடு வழியும். கூலரிலிருந்து டேப்புக்கு வரும் குழாய்க்கு உறை போடாவிட்டால் முதல் கிளாஸ் நுரைதான். மலைமேல் போடிமெட்டில் கிளைக் கடை போட்டால் இன்னும் கவனம் வேண்டும்: மேலே காற்றழுத்தம் குறைவு, அதே சோடா அங்கே கூடுதலாகப் பொங்கும்.

கூலரை வைக்கும் இடத்தையும் பார்: ரோட்டோரத் தூசி கண்டன்சரை அடைக்கும், தோசைக்கல் பக்கம் வைத்தால் கம்ப்ரஸர் திணறும். ஸ்டெபிலைசர் கட்டாயம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் விற்கிறவரிடம் எத்தனை லிட்டர் மிஷின் என்று கேட்காதே. எத்தனை கிலோ ஐஸ் கட்டும், கரைந்தபின் மறுபடி கட்ட எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேள்.