கணினியின் துறைகள்

எங்கள் ஊர் தோணிரேவு, பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள மீனவர் சிற்றூர். 'ரேவு' என்றால் படகு அணையும் துறை. அத்துறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, கணினிப் பாதுகாப்பின் முதற்பாடம் ஒன்றை விளக்க முற்படுகிறேன்.

சர்வர் கணினியில், கேட்போருக்கு விடையளிக்கப் பின்னணியில் ஓயாது காத்திருக்கும் நிரலை 'டீமன்' என்பர். ஒரே கணினிக்குப் பல முகவரிகள் இருத்தல் கூடும். 127.0.0.1 என்பது கணினி தன்னோடு தானே பேசிக்கொள்ளும் முகவரி. வெளிக் கணினி எதுவும் அதனை அணுக இயலாது. 192.168 எனத் தொடங்குபவை அலுவலக உள்வலைக்குரியவை. இணையத்தை நோக்கியது பொது முகவரி. 0.0.0.0 என்று டீமனுக்குக் குறித்துவிட்டால், 'எல்லாத் துறைகளிலும் காத்திரு' என்பது பொருளாகும்.

ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கத்தை எண்ணிப் பாருங்கள். தடைக்கால நிவாரணம் பெறுவோரின் வங்கிக் கணக்கு எண்கள் அதன் தகவல் தளத்தில் உள்ளன. அதைப் படிக்கும் நிரலும் அதே கணினியில் இயங்குமாயின் 127.0.0.1 ஒன்றே போதும். பக்கத்து மேசைக் கணினிக்கும் தேவையெனில் உள்வலை முகவரியையும் சேர்க்கலாம். பொது முகவரிக்கு அங்கே வேலையே இல்லை.

இங்கே ஒரு வேறுபாட்டை உணர வேண்டும். எங்கள் ஏரியில் வழங்கும் 'பாடு' முறை, எவர் எந்த இடத்தில் எந்த முறையில் வலையிடலாம் என்பதை வகுக்கிறது. முகவரியைக் கட்டுப்படுத்துவதோ, வருபவர் எவர் என்று ஆராய்வதில்லை. எந்தத் துறையைத் திறப்பது என்பதை மட்டுமே முடிவு செய்கிறது. ஆளை அறியக் கடவுச்சொல்லும், வரும் திசையைத் தடுக்க ஃபயர்வாலும் தனியே வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

இதனைப் புறக்கணித்ததன் விளைவை உலகம் கண்டிருக்கிறது. 2017 ஜனவரியில், கடவுச்சொல்லின்றி இணையத்தை நோக்கித் திறந்து கிடந்த பல்லாயிரம் மாங்கோடிபி தகவல் தளங்கள் அழிக்கப்பட்டு, பணயத் தொகை கேட்கப்பட்டது. அவ்வாண்டு வெளிவந்த 3.6 பதிப்பு முதல், நாம் மாற்றிக் குறித்தாலன்றி அது உள்முகவரியில் மட்டுமே காத்திருக்கிறது. 2018 பிப்ரவரி 28 அன்று, பொதுவெளியில் திறந்திருந்த மெம்கேஷ்டு சர்வர்களையே கருவியாக்கி, கிட்ஹப் தளத்தின் மீது வினாடிக்கு 1.35 டெராபிட் அளவில் தகவல் வெள்ளம் பாய்ச்சப்பட்டது. சர்வர்களின் உடைமையாளர் ஒருவர், துன்புற்றவர் வேறொருவர்!

ஆகவே, சர்வரை அமைக்கும் மாணவ நண்பர்கள், எந்த டீமன் எந்த முகவரியில் காத்திருக்கிறது என்பதை 'நெட்ஸ்டாட்' போன்ற கட்டளையால் முதலில் பார்க்க வேண்டும். பிறகு அமைப்புக் கோப்பில் தேவையான முகவரியை மட்டும் எழுதி, டீமனை மீண்டும் இயக்கி, மறுமுறையும் சரிபார்க்க வேண்டும். ஐ.பி. ஆறாம் பதிப்பு முகவரிகளையும் மறத்தலாகாது. தேவையுள்ள துறையை மட்டும் திறப்போம். நம்மை நம்பித் தகவல் தந்தோரைக் காப்போம்.