பழைய வண்டிக்குப் புத்துயிர்

ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியைத் தழுவி உருவானது அம்பாசிடர். அது மேற்கு வங்காளத்து உத்தரபாராத் தொழிற்சாலையில் 1950களின் பிற்பகுதி முதல் 2014ஆம் ஆண்டு வரை செய்யப்பெற்றது. அவ்வண்டிகளுள் சில இன்று கொட்டகைகளில் துருவேறிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றைக் குடும்பத்தார் ஒன்றுகூடிச் செப்பனிடுதல் பயனுள்ள பொழுதுபோக்காகும்.

முதலில் பாட்டரியின் இணைப்பை நீக்குதல் வேண்டும். ஜாக்கியால் உயர்த்திய வண்டியை உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்தாமல் அதன் அடியில் எவரும் புகலாகாது. கழற்றும் உறுப்புகளுக்குப் பெயர்ச்சீட்டுக் கட்டுதல் சிறுவர் பணியாகும். எதனை எங்கிருந்து எடுத்தோம் என்பதை மறப்பின், மீண்டும் பூட்டுதல் அரிது.

இரும்பு, நீரோடும் காற்றிலுள்ள உயிர்வளியோடும் கூடித் துருவாகிறது. துருவை முற்றும் சுரண்டி, ரெட் ஆக்சைடு பூசிய பின்னரே வண்ணம் தீட்டுதல் வேண்டும். துருவை மறைத்துப் பூசினால், அஃது உள்ளிருந்தே தகட்டை அரிக்கும். நெடுங்காலம் ஓடாமையால் எஞ்சின் இறுகியிருப்பின், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அத்துளைகளில் எண்ணெய் வார்த்து, சில நாள் ஊறவிட்டு மெல்லத் திருப்புக. வலிந்து திருப்பின் உறுப்புகள் முறியும்.

எஞ்சின் முழங்கியவுடன் வண்டியைத் தெருவில் செலுத்த உள்ளம் துடிக்கும். ஆயின், பிரேக் எண்ணெய் கசியாது காக்கும் ரப்பர் அடைப்புகள் காலப்போக்கில் நைந்துவிடும். அவற்றை மாற்றி, தேர்ந்த தொழிலாளரிடம் காட்டி ஒப்புதல் பெறாமல் செலுத்துதல் தகாது. ஓடும் ஆற்றலினும் வேண்டியபோது நிற்கும் ஆற்றலே வண்டிக்கு இன்றியமையாதது.

பல மாதங்கள் நீளும் இப்பணியில் பெரியோர் கைத்திறன் சிறியோர் கைகளுக்குச் சேர்கிறது. அதுவே இதன் பெரும்பயன்.