மூடியில் மட்டும் எழுதாதே

செல்லம் தேன்மொழிக்கு,

ஆய்வகத்தில் சேர்ந்த சூட்டோடு, "எச்.ஐ.வி.யைக் கையில் வைத்திருக்கிறேன்" என்று அம்மாவிடம் போனில் பீற்றிக்கொண்டாயாமே! அவளும் தூங்கவில்லை, என்னையும் தூங்கவிடவில்லை. கழுதை, கையில் இருப்பது அந்த வைரஸின் உறைப் புரதத்துக்கான மரபணுவை ஏற்றிய பிளாஸ்மிட், வெறும் வட்ட டி.என்.ஏ., அதனால் எய்ட்ஸ் வராது என்று சொன்னால் என்னவாம்?

ஆனால் அந்த மரபணு லேசுப்பட்டதில்லையடி. ஈ.கோலைக்குள் வளர்க்கும்போது சில சமயம் ஒரு துண்டு உதிர்ந்துபோகும், இல்லை இடம் மாறி ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் நாங்கள் 37 டிகிரியை விட்டு 30 டிகிரியில் வளர்த்தோம். நீயோ அவசரக்காரி. காலையில் குடுவை இன்னும் கலங்கவில்லையே என்று சூட்டை ஏற்றிவிடாதே. ஒவ்வொரு முறை டி.என்.ஏ. எடுத்ததும் வெட்டுநொதி போட்டு ஜெல்லில் ஓட்டிப் பார், சீக்வென்சிங்குக்கும் அனுப்பு. போன மாதம் சரியாகத்தானே இருந்தது என்று என்னிடம் சொல்லாதே.

ஏன் இந்தப் பாடு? கென்யாவில் ஒரு கைக்குழந்தையின் வைரஸிலிருந்து வந்த பி.ஜி.505 சாசிப் புரதத்தையே எடுத்துக்கொள். 2013-இல் வெளிவந்தது. 559-ஆம் இடத்தில் ஐசோலூசினை எடுத்துவிட்டுப் புரோலின் வைத்தார்கள். இரண்டு சிஸ்டீன்களைச் சேர்த்து, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதுபோல உறைப் புரதத்தின் இரண்டு பகுதிகளான ஜி.பி.120-ஐயும் ஜி.பி.41-ஐயும் பிணைத்தார்கள். அப்புறம்தான் அந்த மும்மைப் புரதம் கலையாமல் நின்றது. அதில் ஒரு சிஸ்டீன் போனாலும் நீ மாதக்கணக்கில் எதையோ சுத்திகரித்துக்கொண்டிருப்பாய். 293 செல்லில் போடும்போது கூடவே ஃபியூரின் பிளாஸ்மிடையும் மறக்காதே. அது இல்லாவிட்டால் புரதம் ஒழுங்காகப் பிளவுபடாது.

1986-இல் சென்னையில் சுனிதி சாலமனும் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தபோது நான் மாணவி. தடுப்பூசி சீக்கிரமே வந்துவிடும் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டோம். 2009-இல் தாய்லாந்துத் தடுப்பூசிச் சோதனை 31.2 சதவீதப் பாதுகாப்பு என்றது, துள்ளிக் குதித்தோம். அதே வழியில் தென்னாப்பிரிக்காவில் நடந்த சோதனையைப் பலனில்லை என்று 2020-இல் நிறுத்தினார்கள். உன் பி.எச்டி.க்குள் தடுப்பூசி வந்துவிடும் என்று ஊரெல்லாம் சொல்லிவைக்காதே.

இன்னொன்று. குழாயின் மூடியில் மட்டும் பெயர் எழுதாதே, மூடி மாறிப்போகும். பக்கவாட்டிலும் எழுது: பிளாஸ்மிட், தேதி, யார் வளர்த்தது. எத்தனால் பட்டால் மார்க்கர் மை அழியும், மேலே டேப் ஒட்டு. தீபாவளிக்கு வரும்போது நோட்டை எடுத்து வா, பார்க்கணும். முறுக்கு அனுப்பியிருக்கிறேன். ஆய்வக மேசையில் வைத்துத் தின்றாய் என்று கேள்விப்பட்டேனோ, அடுத்த டப்பா கிடையாது.

அன்புடன்,
பெரியம்மா