எம்.பி.ஏ. அனுமதியும் கடையில் நிற்கும் பிள்ளையும்

பட்டம் முடித்த மகன் நாலைந்து வருடம் நமது கடையிலேயே நிற்கிறான். கொள்முதல், கடன் வசூல், வங்கி வேலை எல்லாம் அவன் கையில்தான். எம்.பி.ஏ.க்கு விண்ணப்பிக்கும்போதோ, அந்த அனுபவத்தைக் காட்ட ஒரு கடதாசியும் இல்லை. பற்றுச்சீட்டில்லாத கொள்முதல் போலத்தான்.

பிள்ளை கடையில் சேரும் நாளிலேயே பதவி குறிப்பிட்டு நியமனக் கடிதம் கொடுங்கள். பிறகு பழைய திகதியிட்டு எழுதுவது பொய்யாகும். சம்பளத்தை வங்கி மூலம் கொடுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் பங்கு 8 வீதம், உங்கள் பங்கு 12 வீதம் கட்டுங்கள்.

சிபாரிசுக் கடிதத்தை வாப்பா எழுதினால் மதிப்புக் குறைவு. கணக்காய்வாளரிடமோ சரக்குத் தரும் கம்பனி அதிகாரியிடமோ கேளுங்கள்.

விண்ணப்பக் கட்டுரையில் "கடையைப் பார்த்தேன்" என்றால் போதாது. தேங்கிய சரக்கு எவ்வளவு குறைந்தது, கடன் எத்தனை நாளில் திரும்பியது என்று இலக்கத்தில் எழுத வேண்டும்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல ஜீமெட் பரீட்சைப் புள்ளியைப் பார்க்கின்றன. 2023 இறுதியில் வந்த புதிய முறையில் மூன்று பகுதிகள். புள்ளி 205 முதல் 805 வரை. பெறுபேறு 5 வருடம் செல்லுபடியாகும். ஆகவே படித்தது மறக்குமுன் எழுதிவிட்டு, அனுபவம் சேர்ந்தபின் விண்ணப்பிக்கலாம்.