பெயின்ற் கடைசியில்

வன்னியில் வீடு கட்டி முடிந்த கையோடு பெயின்ற் கடைக்கு ஓடுகிறோம். அட்டையில் உள்ள சதுரங்களில் ஒன்றைத் தொட்டுக் காட்டி, சுவரெல்லாம் பூசி முடித்த பிறகுதான் எதை எங்கே வைப்பது, எதை மாட்டுவது என்று யோசிக்கிறோம். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி. விற்கவோ எறியவோ வீட்டில் யாரும் சம்மதிக்காத ஒரு பொருள் இருக்கும். முதலில் அதை எடுத்து ஹோலில் வையுங்கள், நிறத்தை அது சொல்லட்டும். ஏனென்றால், போருக்குப் பின் வன்னிக்கு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் பயனாளிகள் தாமே கட்டிய வீடுகளுக்குக் கிடைத்தது 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய், அதுவும் தவணை தவணையாக. பரப்பு சுமார் 550 சதுர அடி. பணமும் அளவும் ஒன்றாக இருக்கும்போது வெளித்தோற்றமும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். இது இன்னார் வீடு என்று காட்ட மிஞ்சியிருப்பது உள்ளே இருக்கும் சாமான்தான்.

ஓர் ஓலைப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். குருத்தோலையைக் காயவைத்து, வார்ந்து, ஒரு பங்குக்குச் சாயமேற்றி, மற்றதை அப்படியே விட்டு இழைப்பார்கள். உற்றுப் பார்த்தால் பெட்டியின் பெரும்பகுதி அந்த வெளிர் சந்தன நிறம். சிவப்பும் பச்சையும் கத்தரிப்பூ நிறமும் விளிம்பிலும் மூடியிலும் வரிவரியாக ஓடும், அவ்வளவுதான். சுற்றியுள்ள வெளிர் இடத்தால்தான் அந்த வரிகள் எடுப்பாகத் தெரிகின்றன. இதே கணக்கை அறைக்கும் போடலாம். மூன்று சுவருக்குக் குருத்தோலை நிறம், பெட்டி வைக்கும் தட்டுக்குப் பின்னால் உள்ள சுவருக்கு மட்டும் அடர்நிறம். நாலு சுவரையும் றோஸில் முக்கியெடுத்தால் பெட்டி அதற்குள் காணாமல் போய்விடும். தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை கழுவக்கூடிய கடும் நிறம் பூசுவது நல்லது, நம் ஊர்ச் செம்புழுதி வெள்ளைச் சுவரை விட்டுவைக்காது. சாயமிட்ட ஓலை வெயிலில் வெளிறும் என்பதால் யன்னலுக்கு நேரே வேண்டாம். மாரியில் சுவர் ஓதம் கொள்ளும். ஆகவே படச்சட்டங்களின் பின் மூலைகளில் றப்பர்த் துண்டு ஒட்டிச் சற்று இடைவெளி விட வேண்டும். பழைய படமென்றால் பிரதி எடுத்து மாட்டிவிட்டு மூலத்தை றங்குப்பெட்டியில் வைப்பதே புத்தி.

"இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எல்லாம் போயிற்று, எந்தப் பொருளை நடுவில் வைப்பது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. போர் முடிந்த 2009 இல் கையில் ஒரு பையோடு செட்டிகுளம் முகாமுக்குப் போனவர்களிடம் சீதனப் பெட்டகத்தை எடுத்துக் காட்டச் சொல்ல முடியாது. ஆனால் பொருள் போனாலும் அதன் அளவுகள் மனதில் நிற்கின்றன. ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்தவர்களை அவர்கள் இழந்த வீட்டின் வரைபடத்தை ஞாபகத்திலிருந்து கீறவைத்து, 2011 இல் அதை ஒரு நூலாக்கினார். காணிப் பதிவேடான தோம்பின் பெயரையே அதற்குச் சூட்டினார். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்துப் பழைய வளவைக் கீறச் சொல்லுங்கள். கிணறு, குசினி, மாமரம், படலை எல்லாம் வரும். கோடு கோணலாக இருந்தால் இருக்கட்டும், திருத்த வேண்டாம். கண்ணாடி போட்டு மாட்டினால், கடையில் வாங்கும் நீர்வீழ்ச்சிப் படத்தைவிட அது நல்ல ஓவியம். கடனோடு கட்டிய வீட்டுக்கு அலங்காரம் ஆடம்பரம் என்பவர்களுக்கும் இதுவே என் பதில். செலவு சட்டத்துக்கு மட்டும்தான்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. போனவர்களின் படத்தை ஹோலில் மாட்டினால் வீடு எப்படிக் கலகலப்பாக இருக்கும் என்பது. எல்லாப் படங்களையும் ஒரே வரிசையில் மாட்டுவதால்தான் அந்தக் கனம் வருகிறது என்று நினைக்கிறேன். மாலையும் சிறு மின்குமிழும் உள்ள படங்கள் சாமியறைப் பக்கம் இருக்கட்டும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படம் வேறு. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் நடந்த தொடர் போராட்டத்தில் உறவினர்கள் ஏந்தி அமர்ந்த படங்களுக்கு மாலை இல்லை. மாலை போட்டால் இறப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும். வீட்டிலும் அந்தப் படத்தை மாலைப் படங்களின் வரிசையில் சேர்க்கக் கூடாது. பிள்ளைகளின் பாடசாலைப் படம், பேத்தியின் சாமத்தியவீட்டுப் படம் இருக்கும் சுவரில், அவற்றின் அளவிலேயே ஒரு சட்டம் போட்டு, கண்மட்டத்தில் மாட்டலாம்.