அடைமழையில் தேதி கொடுக்காதீர்கள்

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு சுடுமண் வேலை செய்யலாமா என்று கேட்கிற தங்கைகளுக்கு என் பதில்: தாராளமாகச் செய்யலாம். கடைக்காரர் வைக்கிற தேதிக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் கண்டிப்பாகக் கூடாது.

2024-ல் கார்த்திகை தீபம் டிசம்பர் 13. விழுப்புரத்தில் ஒரு பரிசுப்பொருள் கடையிலிருந்து அகல், யானை விளக்கு, கூடவே பெட்டியில் வைத்துக் கொடுக்க ஜிமிக்கி என்று பெரிய ஆர்டர் வந்தது. டிசம்பர் முதல் வாரமே சரக்கு வேண்டுமாம். மழைக்காலம், காயாது என்று சொன்னேன். "வீட்லதானம்மா இருக்கீங்க, பகல் பூரா உங்களுக்கு டைம்தானே" என்றார் அந்த அண்ணன். முன்பணமும் தரவில்லை.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் திண்டிவனத்துக்கு அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. கரண்ட் இல்லை, ஃபேன் இல்லை. சுவரே வியர்த்துக் கிடக்கும்போது மண் எப்படிக் காயும்? விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்கள் நின்றன. அரசூரில் நெடுஞ்சாலையிலேயே தண்ணீர் ஓடியது. ஊரே இப்படிக் கிடக்க, கடையிலிருந்து வந்த போன் ஒன்றைத்தான் கேட்டது: "சரக்கு எப்ப வரும்?"

பஸ் ஓட ஆரம்பித்ததும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு விழுப்புரம் போனேன். வழக்கமாக எனக்குச் சூளை வைத்துக் கொடுக்கிற பெரியவர் ஒரு யானையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "சில்லுன்னு இருக்குதும்மா. உள்ள ஈரம். நாலு நாள் போவட்டும்" என்றார். கடைக்குப் போன் போட்டேன். நாளை மறுநாள் வராவிட்டால் வேண்டாம் என்றார்கள். சூளை வைக்கச் சொன்னேன்.

வெளித்தோல் காய்ந்திருந்தாலும் தடித்த இடத்தில் ஈரம் தங்கிவிடும். சூடு ஏறி அந்த நீர் கொதித்து ஆவியாகும்போது, வெளியேற வழியில்லாமல் மண்ணை உடைத்துக்கொண்டு வரும். யானைகளின் வயிறு வெடித்தது. தெறித்த சில்லு பக்கத்தில் இருந்த அகல்களின் விளிம்பையும் பெயர்த்தது. மெல்லிசான ஜிமிக்கிகள்தான் தப்பின. யானை இல்லாமல் எதுவும் வேண்டாம் என்று கடை கைகழுவியது.

இதில் என்னை இன்றும் உறுத்துவது வேறு. சுடாத மண் உடைந்தால் நஷ்டமே இல்லை. தண்ணீரில் ஊறப்போட்டுப் பிசைந்தால் மறுபடி மண். சுட்ட பிறகு அது திரும்பாது. நாலு நாள் பொறுத்திருந்தால் என் உழைப்பு என்னிடமே இருந்திருக்கும். தீபத்துக்கு முன்னால் திண்டிவனத்திலேயே விற்றிருப்பேன். அடுத்தவர் அவசரத்துக்காக அதை நெருப்பில் வைக்கும்படி ஆனது.

அதனால் சொல்கிறேன், கையிருப்பை மட்டும் விற்றுப் பழகுங்கள். சித்திரை, வைகாசியில் செய்து நிழலில் காயவைத்துச் சுட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நேரே வைத்தால் ஒரு பக்கம் சுருங்கி விரிசல் விடும். மாடிப்படிக்கு அடியில் வையுங்கள். யானை, மயில் எதுவானாலும் உள்ளே குடைந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு துளை விடுங்கள். கன்னத்தில் வைத்துப் பார்க்கிற சோதனையை மறக்காதீர்கள். மண் சலிப்பது, பிசைவது, வண்ணம் பூசுவதெல்லாம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும்.

என் நாத்தனார் ஆரி போடச் சொன்னார். அதில்தான் காசு என்றார். தவழ்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் ஊசியும் மணியும் சிதறிக் கிடக்க நான் சம்மதிக்கவில்லை. மண் தாய்க்கு ஏற்ற வேலை. பிள்ளை அழுதால் ஈரத்துணி போட்டுப் பாலித்தீனால் மூடிவிட்டு எழுந்து போகலாம், மறுநாள் வந்தாலும் அப்படியே இருக்கும். இந்தப் பக்கத்து மண்ணுக்கும் பேர் உண்டு. நமக்கு எட்டுகிற தூரத்தில் உள்ள வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்த ஊர்க் கலைஞர் முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நகை, விளக்கு என்று இதை யாரும் அற்பமாகப் பேசினால் அதைச் சொல்லுங்கள்.

பகல் பூரா டைம் என்று சொன்னவருக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்கிற பெண்களுக்கு அதிலேயே நாளுக்குச் சராசரியாக 289 நிமிடம் போகிறது; ஆண்களுக்கு 88. பிள்ளை பார்ப்பது அதில் சேராது, அது தனி. மிச்சத்தில்தான் நம் கலை. மத்தியானம் இரண்டு மணி நேரம் பிள்ளையை அத்தையிடம் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். விலை போடும்போது அந்த நேரத்துக்கும் கூலி போடுங்கள்.

சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற இணையதளங்களை நம்பாதீர்கள். 35 வயது நிறைந்திருந்தால் மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் சுடுமண் வேலைக்கும் இடம் உண்டு: 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம்.

அடுத்த வருடம் அதே கடையிலிருந்து மறுபடி கேட்டார்கள். அலமாரியில் இருப்பது இவ்வளவு, பணம் முன்னால், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். வந்தார்கள்.