டிஸ்க்குக்குச் சம்மதம், ஸ்க்ரூவுக்கு யார் சம்மதம்?

கேள்வி: என் கணவருக்கு 43 வயது, பள்ளி வேன் ஓட்டுநர். எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று தனியார் மருத்துவமனையில் சொன்னார்கள். பிதுங்கிய பகுதியை எடுப்பதற்கு மட்டும் என்று சொல்லி அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஆபரேஷன் நடக்கும்போதே நர்ஸ் வெளியே வந்து, "கூடுதலாகக் கொஞ்சம் செய்யணும்மா" என்று என்னிடமும் ஒரு கையெழுத்து வாங்கினார். நான்கு ஸ்க்ரூவும் ராடும் வைத்தது பிறகுதான் தெரிந்தது. பில் 3,40,000 ரூபாய். 14 மாதமாகியும் அவரால் வலது பாதத்தைத் தூக்க முடியவில்லை. போலீசில் புகார் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, திருச்சி மாவட்டம்

பதில்: போலீஸ் புகாரை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள், சகோதரி. மருத்துவர் மீது குற்ற வழக்கு நிற்க மிகக் கடுமையான அலட்சியம் தேவை என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களுக்குத் தேவை இழப்பீடு. அதற்கு இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

அங்கே போனாலும், பாதம் தூக்க முடியவில்லை என்பது மட்டும் போதாது. பாதத்தைத் தூக்குவதில் பெரும்பங்கு எல்5 நரம்புக்கு. நெடுநாள் அழுத்தத்தால் அது ஏற்கெனவே பலவீனமாகியிருக்கலாம். கவனமாகச் செய்த ஆபரேஷனிலும் அடிபடலாம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதைத்தான் முதலில் சொல்வார். எனவே அட்மிஷன் அன்று கேஸ் ஷீட்டில் பாதத்தின் வலு எவ்வளவு என்று எழுதினார்கள் என்பது முக்கியம். ஐந்துக்கு ஐந்து என்று இருந்தால் உங்கள் கை ஓங்கும்.

உங்கள் பலமான வாதம் நீங்கள் போட்ட அந்தக் கையெழுத்துதான். சமீரா கோலி வழக்கில் (2008) பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண்ணுக்கு, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். சுயநினைவு திரும்பக்கூடிய, வயது வந்த நோயாளிக்காக வேறொருவர் தந்த சம்மதம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். காத்திருந்தால் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்ற நிலை மட்டுமே விலக்கு. உங்கள் கணவர் விழித்த பிறகு கேட்டிருக்க முடியாதா? டிஸ்க்கை எடுத்ததும் எலும்பு ஆட்டம் கண்டது, உடனே பிடிமானம் தேவைப்பட்டது என்று மருத்துவமனை சொல்லலாம். அப்படியானால் அது ஆபரேஷன் குறிப்பில் அன்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். அவர் கையெழுத்திட்ட படிவத்தில் "தேவைப்படும் கூடுதல் சிகிச்சைக்கும் சம்மதம்" என்ற அச்சடித்த வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும், யாரும் படிப்பதில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. சமீரா கோலி வழக்கில் சம்மதமின்மைக்குக் கிடைத்த இழப்பீடு 25,000 ரூபாய். மருத்துவரின் கட்டணமும் மறுக்கப்பட்டது. பெரிய தொகை வேண்டுமானால் பாதத்தின் பலவீனத்தை அந்த ஸ்க்ரூவுடன் இணைத்துக் காட்ட வேண்டும். வேறொரு முதுகெலும்பு நிபுணரிடம் சி.டி. ஸ்கேன் எடுத்துக் காட்டுங்கள். ஸ்க்ரூ எலும்பைத் தாண்டி நரம்பின் பக்கம் போயிருந்தால் வழக்கு வேறு உருவம் எடுக்கும். வழக்கை விடுங்கள், சிகிச்சைக்கே அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லா வழக்கிலும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்று கிஷன் ராவ் வழக்கில் (2010) தீர்ப்பு உண்டு; ஆனால் நரம்பு விஷயத்தில் அதை நம்பி இறங்காதீர்கள்.

முதல் வேலை ஆவணங்கள். கேஸ் ஷீட், இரண்டு சம்மதப் படிவங்கள், ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, நர்ஸ் குறிப்பு, எம்.ஆர்.ஐ. குறுந்தகடு, பொருத்திய ஸ்க்ரூவின் ஸ்டிக்கர் ஆகியவற்றைக் கேட்டு உங்கள் கணவர் பெயரில் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்கள். கேட்ட 72 மணி நேரத்தில் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதி. தராமல் இழுத்தால் அதுவும் உங்களுக்குச் சாட்சி.

காலக்கெடு இரண்டு ஆண்டு, உங்களுக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. பில்லை இன்ஷூரன்ஸ் கட்டியிருந்தாலும் தடையில்லை. ஓட்டுநர் வேலை போயிருந்தால் அதை மனுவில் தனியாக எழுதுங்கள்: பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் மிதிக்கும் கால் அது. ஓட்டுநர் உரிமம், சம்பளச் சான்று, பிசியோதெரபி ரசீதுகளை இணையுங்கள்.

இடையில் மருத்துவமனை சமாதானம் பேச அழைத்தால் போங்கள். இலவச பிசியோதெரபி தருகிறோம், இதில் கையெழுத்துப் போடுங்கள் என்று தாளை நீட்டினால், வீட்டுக்கு எடுத்து வந்து ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.